வலியே இல்லை என்ற பெத்தணன்

பாண்டிமீனா சிவகாசியில் ஒரு மருத்துவமனையின் தீக்காய வார்டில் நர்ஸ். சூலக்கரைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கலகலவென்று பேசுகிறவள்.

அந்த வார்டுக்கு நாரணாபுரத்திலிருந்து பெத்தணன் வந்து சேர்ந்தார். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "வலியா? அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி."

ஆனால் சோறு இறங்கவில்லை, உறக்கமும் இல்லை. மனைவி கருப்பம்மாள் தலையணையைத் திருப்பி வைத்தால்கூடச் சீறினார். விரல்களை மடக்கிப் பழகச் சொன்னால் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அப்படியே விட்டால் விரல்கள் விறைத்துப்போகும்.

"முன்ன இப்படி இல்ல சிஸ்டர். இப்ப என்னைக் கண்டாலே அவுகளுக்குப் பிடிக்கல" என்று கருப்பம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"உங்க மேல கோவமில்ல மதினி. வலியை அமுக்கி அமுக்கி வச்சா அது இப்படித்தான் வெளிய வரும்."

பாண்டிமீனாவுக்கு அது தெரியும். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த காலத்தில், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு, அம்மா நீட்டிய தட்டைத் தள்ளிவிட்டவள்தான் அவளும்.

கருப்பம்மாள் வெந்நீர் வாங்கப் போன நேரம், ஸ்டூலை இழுத்துப் போட்டு பெத்தணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, வலியே இல்லாட்டி சைபர். தாங்கவே முடியாட்டி பத்து. உங்களுக்கு எம்புட்டு?"

"வலியை என்ன தராசுலயா நிறுக்க முடியும்?"

"சரி, உங்க கம்பெனிச் சரக்கை வச்சே சொல்லுங்க. கம்பி மத்தாப்பா, குருவி வெடியா?"

பெத்தணன் அவளை முறைத்தார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கட்டு மாத்தும்போது அணுகுண்டு தாயி. மத்த நேரம் சரவெடி, விடாம வெடிக்குது. அவ முன்னால சொன்னா பயந்துருவா."

பாண்டிமீனா நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். கட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே கொடுக்கும்படி அவர் வலி மருந்து எழுதினார். அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே அவள் கட்டைத் தொட்டாள். நன்றாக நனைத்து, மெல்ல மெல்லப் பிரித்தாள்.

"இப்ப எப்படி அண்ணாச்சி?"

"குருவி வெடி. அதுவும் நமுத்துப்போனது."

"எனக்குப் புஸ்வாணம் சிஸ்டர்!" என்று பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஜெயச்சந்திரன் கை தூக்க, வார்டே சிரித்தது.

அன்று மதியம் பெத்தணன் குறட்டை விட்டுத் தூங்கினார். பிறகு முனகிக்கொண்டேயானாலும் விரல்களை மடக்கத் தொடங்கினார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில், வலது கையாலேயே இட்லியைப் பிட்டு முதல் விள்ளலைக் கருப்பம்மாளிடம் நீட்டினார்.

"எல்லாரும் பாக்காக" என்று அவள் வெட்கப்பட்டாள். ஆனாலும் வாயைத் திறந்தாள்.