ஊசி நகரக் கூடாது

குழந்தைக்கு நரம்பில் ஊசி போடுகிறவர்களுக்கு, நரம்பு கிடைத்ததும் வேலை முடிவதில்லை, அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

வாந்தியும் பேதியுமாய்த் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் பட்டதை, இந்தப் பக்கம் நின்று நான் பட்டிருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். நான் திருநெல்வேலிக்காரி. டாக்டர் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் தமிழில் கன்னட வாடை அடிக்கும். ஆயா முனியம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு. வருகிற ஜனங்கள் மூன்றையும் கலந்து பேசுவார்கள்.

இப்போது இருக்கிற வளைந்து கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயெல்லாம் அப்போது எங்களிடம் கிடையாது. விறைப்பான எஃகு ஊசி, ரப்பர் குழாய், தலைகீழாகத் தொங்கும் கண்ணாடி பாட்டில், அவ்வளவுதான். குழந்தை கையை ஒரு தரம் உதறினால் ஊசி முனை நரம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ரத்தத்தில் சேர வேண்டிய உப்புத் தண்ணீர் சதைக்குள் இறங்கிக் கை வீங்கும். கிணறுகள் வற்றி, அடியில் கிடக்கும் கலங்கலை மொண்டு குடிக்கிற வெயில் காலத்தில் எங்கள் வார்டு நிரம்பிவிடும்.

பலகைக்குக் காவல்

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து மாதப்பன் என்கிற விவசாயி காலை பஸ்ஸில் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராகிக் கொல்லையில் யானை இறங்காமலிருக்க இரவெல்லாம் பரண்மேல் உட்கார்ந்திருந்தவர், விடிந்து வீட்டுக்குப் போனால் பையன் கண் சொருகிக் கிடந்திருக்கிறான். டாக்டர் வெகுநேரம் தடவிப் பார்த்து, புறங்கையில் ஒரு நரம்பைப் பிடித்தார். பஞ்சு சுற்றிய பலகையில் கையை வைத்துக் கட்டினேன். தண்ணீர் உள்ளே போகப் போகப் பையனுக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் கையை இழுத்து அழ ஆரம்பித்தான். நான் அடுத்த கட்டிலுக்குப் போன நேரத்தில் அப்பா கட்டை அவிழ்த்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் கை பூரி மாதிரி உப்பியிருந்தது. "திருடனைக் கட்டற மாதிரி கட்டினா புள்ள அழாதுங்களா?" என்றார் என்னிடம், கோபமாகவே.

டாக்டர் திட்டவில்லை. ஊசியை எடுத்துவிட்டு இன்னொரு கையைப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் காலில்தான் கிடைத்தது. "இது போனா எனக்கு வேற இடம் இல்லப்பா. பலகையை நீங்களே பிடிச்சுக்கோங்க" என்றார். மாதப்பன் முகம் வெளுத்துவிட்டது. தரையில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் பலகையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், வெயில் தாழும்வரை அசையவில்லை. பையன் சிறுநீர் கழித்து, எழுந்து, "கூழு" என்று கேட்டபோது ஊசியைப் பிடுங்கினோம். மாதப்பனுக்குக் கைகளை நீட்டி மடக்கவே முடியவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "யானைக்குக் காவல் இருந்தா அப்பப்ப கண்ணசரலாங்க. இந்தப் பலகைக்குக் காவல் இருந்தா மூச்சு விடவே பயமா இருக்குது."

வெள்ளிக் காப்பு

சின்னத்தாயி கல்லுடைக்கிற வேலைக்குப் போகிறவள். அவள் குழந்தைக்கு ஒரு வயசு இருக்கும். காலில் வெள்ளிக் காப்பு. ஊசி போட அந்தக் கால் ஒன்றுதான் மிச்சம் என்றபோது, முதலில் காப்பைக் கழற்றச் சொன்னார் டாக்டர். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று குலதெய்வத்தின் முன்னால் போட்டது, கழற்ற மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அவள் சம்மதித்திருந்தாலும் அது குதிகாலைத் தாண்டி வந்திருக்காது. குழந்தை கிடந்த கிடப்பில் வாதாட நேரமில்லை. காப்பை முடிந்தவரை மேலே ஏற்றிவிட்டு, கீழே ஊசி போட்டார் டாக்டர்.

நாங்கள் பயந்தபடியே ஆயிற்று. ஊசி விலகிக் கால் வீங்கியது. விரல் ஜில்லிட்டிருப்பதை முனியம்மாதான் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். அதற்குள் உள்ளே போன தண்ணீரில் குழந்தை தேறியிருந்தது; ஆனால் ஊசியை எடுத்தும் வீக்கம் உடனே வடியவில்லை. காப்பு சதைக்குள் புதைந்துகொண்டே போனது; விரல் நுனிகள் நீலம் பாரித்தன. கடைவீதியிலிருந்து பத்தரைக் கூட்டிவரச் சொன்னார் டாக்டர். நகை செய்கிற மனிதர், குழந்தையின் காலைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். "சதையில பட்டுடுமேங்க" என்றார். சதை வெட்டுப்படாமல் இருக்க, ஒரு ஸ்பூன் காம்பைக் காப்புக்கும் தோலுக்கும் நடுவே டாக்டர் மெல்ல மெல்ல நுழைத்தார்.

அப்போது சின்னத்தாயி முன்னால் வந்தாள். குழந்தையின் முழங்காலைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பத்தர் கத்திரியை எடுத்து நறுக்கினார். வெள்ளி அறுந்து விழுந்ததும் விரல்களில் சிவப்பு ஏறுவதை எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அறுந்த துண்டுகளைப் பத்தர் அவளிடம் நீட்டினார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள்: "சாமிக்கு இன்னொரு காப்பு உருக்கிப் போட்டுக்கறேன், காலை உருக்கிச் செய்ய ஆசாரி யாரு இருக்காங்க?"

முட்டுக்கோவத்து

மாதப்பன் கட்டை அவிழ்த்த நாளிலிருந்து முனியம்மா வார்டு வாசலிலேயே எல்லாரையும் மிரட்ட ஆரம்பித்தாள். "தொடாதீங்க! முட்டபேடி! முட்டுக்கோவத்து!" தமிழ், கன்னடம், தெலுங்கு, யாரும் தப்ப முடியாது. அதற்குப் பலனும் இருந்தது. கட்டை யாரும் அவிழ்க்கவில்லை.

ஒரு மத்தியானம் ஒரு கைக்குழந்தையின் கட்டைப் பிரித்துப் பார்த்தால், முழங்கை வரை வீக்கம், தோல் பளபளவென்று இறுகியிருந்தது. அம்மா பக்கத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், தெலுங்குக்காரி. வீக்கத்தை முதலிலேயே பார்த்துவிட்டாளாம். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதும் அழுதுவிட்டாள். நல்லவேளை, கையை உயர்த்தி வைத்ததில் வீக்கம் வடிந்தது, புண்ணாகவில்லை. அன்றிலிருந்து முனியம்மா, தொடாதே என்பதோடு நிறுத்தாமல், "வீங்கினா, சிவந்தா, புள்ள வீறிட்டா உடனே கூப்பிடு" என்பதையும் மூன்று பாஷையிலும் சொன்னாள். விரல் நுனி தெரிகிற மாதிரிதான் கட்ட வேண்டும் என்று டாக்டரும் உத்தரவு போட்டார். அந்தப் பெண் அழுகைக்கு நடுவே சொன்னது மட்டும் வெகுநாள் காதில் இருந்தது: "தொடக்கூடாதுன்னா, வாயும் திறக்கக்கூடாதுன்னு நினைச்சேம்மா."

சின்ன வயல்

ரப்பர் குழாயில் ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் சொட்டு மெதுவாக விழும், தளர்த்தினால் ஓடும். வார்டில் கிடந்த தங்கை மகளைப் பார்க்கச் சிங்காரப்பேட்டையிலிருந்து வந்திருந்த தாய்மாமன் ஒருவர், பாட்டில் சீக்கிரம் தீர்ந்தால் பிள்ளை சீக்கிரம் தேறும் என்று திருகை முழுக்கத் திறந்துவிட்டார். அன்பினால் செய்ததுதான். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு மூச்சு இரைத்தது, நெஞ்சில் கரகரவென்று சத்தம் வந்தது. டாக்டர் ஓடிவந்து குழாயை மடக்கிப் பிடித்து, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசி மருந்து கொடுத்தார். மூச்சு அடங்கும்வரை அந்த மாமா சுவரோடு சுவராக நின்றார். குழந்தை பிழைத்தது. டாக்டர் அவர் தோளில் கை வைத்துச் சொன்னார்: "மடையைத் திறக்கற மாதிரி திறந்துட்டீங்களே மாமா, இது எவ்வளவு சின்ன வயல்னு பார்த்தீங்களா?"

நல்ல கை

எல்லாம் சரியாக நடந்த ஒரு நாளையும் சொல்ல வேண்டும். ரங்கம்மா என்கிற பெண் சாமல்பட்டியில் ரயில் ஏறி, பஸ் மாறி, ஓசூரில் இருக்கும் தாய்வீட்டுக்கு மகளோடு வந்தவள். வழியிலேயே குழந்தைக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. எங்களிடம் வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது, நாடி கைக்குப் படவில்லை. ஆனாலும் டாக்டருக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. ஊசி ஒரு நெல்லளவு நகரவில்லை. சொட்டு ஒழுங்காக விழுந்தது. கொதிக்கவைத்த குழாய், சுத்தமான கட்டு, எதிலும் குறையில்லை. அந்தக் குழந்தை சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

ஊசியை எடுத்து, பிளாஸ்திரியின் பசையை நனைத்த பஞ்சால் துடைத்துக் கொடுத்தேன். ரங்கம்மா குழந்தையின் கையைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். அந்த வார்டில் வீங்கிய கைகளை அவள் அன்று முழுக்கப் பார்த்திருந்தாள். இதில் வீக்கமில்லை, சிவப்பில்லை, ஒரே ஒரு புள்ளி மட்டும். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரங்கம்மா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "கையைக் கெடுக்காம குடுத்தீங்கம்மா. வளையல் போட்டு அனுப்பிடறேன்."

ஊசியைக் குத்துவது டாக்டரின் வேலை; குத்திய கையைக் குழந்தையிடமிருந்தும், பெற்றவர்களின் பாசத்திலிருந்தும், எங்கள் அவசரத்திலிருந்தும் காப்பாற்றுவதுதான், பெயர் வைக்க யாருக்கும் தோன்றாமல் போன என் வேலை.