அக்காவின் பெயரில் திறந்திருந்த கணினி

நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் எழுத்தர். கணினி கொஞ்சம் தெரியும். நிறையத் தெரியும் என்ற நினைப்பும் அப்போது இருந்தது. பிள்ளைகளின் தடுப்பூசி விவரங்கள் இருந்த தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை யாரோ சுவர்க் கலண்டரில் எழுதிவைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடவுச்சொல்லையே எடுத்துவிட்டு, கணினிக்குள் யார் தன் பெயரில் நுழைகிறாரோ அவரைத் தரவுத்தளமும் மறுபேச்சில்லாமல் ஏற்கும்படி மாற்றினேன். ஆளுக்கொரு பயனர் கணக்கும் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் வழக்கத்தை மறந்துவிட்டேன். முதலில் வருபவர் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்து, கணினியையும் திறந்துவிடுவார். பிறகு மாலைவரை அது எல்லாருக்கும் பொது. முதலில் வருபவர் எப்போதும் மருத்துவிச்சி அக்காதான். பனியில் நடுங்கிக்கொண்டு நான் நுழைந்தால், "மெசினு தொறந்துதான் இருக்கு தம்பி, மொதல்ல தேத்தண்ணியக் குடிங்க" என்பார். அந்தக் குரலுக்காகவே வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

ஒருநாள் ஒரு தாய் பிள்ளையின் அட்டையோடு வந்தார். அட்டையில் ஊசி போடவில்லை என்றும், கணினியில் போட்டாயிற்று என்றும் இருந்தது. பிள்ளைக்கு அன்றே ஊசி போட்டோம். ஆனால் விசாரிக்க வந்த யாழ்ப்பாணத்து அதிகாரி, பதிவில் இருந்த அக்காவின் பெயரைக் காட்டினார்.

"இது நீங்கள் பதிஞ்சதுதானே? வேலை போற விசயம், தெரியுமோ?"

"மெசினத் தொறந்தது நாந்தாங்க" என்றார் அக்கா.

பதிவான நேரம் பிற்பகல் மூன்று மணி. அப்போது அவர் தோட்டத்தின் மேல் டிவிசன் லயக் குடியிருப்புகளில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் தன் பெயரில் திறந்துவிட்ட கணினியின் முன் இருந்தது நான். ஒரு வரி தவறி, அடுத்த பிள்ளையின் பெயருக்கு நேரே அடையாளம் போட்டதும் நான்தான். பிற்பகல் பதிவுகளை நான்தான் செய்வேன் என்பது அக்காவுக்குத் தெரியும். என் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார்.

"நான்தாங்க போட்டேன். பேரு மட்டுந்தான் அவங்களது" என்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்காவின் வேலை தப்பியது. எழுந்துபோனால் இரண்டு நிமிடத்தில் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படி அன்றே செய்துவிட்டேன். அதுதான் சரியான ஏற்பாடு, சந்தேகமில்லை. இருந்தாலும் காலையில் நுழையும்போது பூட்டிய திரையைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

ஓய்வுபெற்ற அக்கா இப்போது பொகவந்தலாவையில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய கணக்கை முறைப்படி முடக்கிவிட்டேன். அழிக்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை.