மான்களுக்கு நெல்லி உலுக்கிய ஞாயிறு

என் மனைவிக்கு ஐந்து நாளாக வயிற்றில் எதுவும் தங்கவில்லை. மசக்கை. கஞ்சி கொடுத்தால் கஞ்சி திரும்பி வந்தது, தண்ணீர் கொடுத்தால் தண்ணீர் வந்தது. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர் எல்லா வியாதிக்கும் கொடுக்கிற அதே போத்தல் மருந்தைக் கொடுத்தார்; அது மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக வெளியே வந்தது. முந்தின வருஷம் தரித்த பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டிருந்தது. இதுவும் மூன்றாம் மாதம். அதைப்பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே வாய் திறந்தாள். "பச்ச நெல்லிக்கா இருந்தா தின்னுருவேன் போல இருக்கு."

பண்டாரவளைக் கடையில் உப்பில் ஊறின நெல்லிக்காய் கிடைக்கும். அந்த வாடையை நினைத்தாலே அவளுக்குக் குமட்டியது. பச்சைக் காய்க்கு, ஹல்துமுல்லைக்குக் கீழே எங்கள் தோட்டம் முடிந்து பத்தனை இறங்குகிற இடத்துக்குத்தான் போகவேண்டும். பத்தனை என்றால் வெறும் புல்மேடு; இடையிடையே நெல்லி மரம் நிற்கும், அதற்குக் கீழே காடு. பனிக்காலமாகையால் காய் இருக்கும்.

"நாளைக்குப் பெரட்டு இல்ல, வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. ஒரு மூட்டையே கொண்டாறேன்," என்றேன்.

எங்கள் லயத்து வரிசையில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவின் அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தம்பி, ஒங்களுக்கு மரம் ஏறத் தெரியுமா?"

"தேயிலக் கெளைய கவ்வாத்து வெட்டுறவன்க்கா நான். செடி கொடியோடதான் நம்ம பொழப்பே."

"தேயில ஒங்க இடுப்பு ஒசரந்தானே தம்பி."

கம்பளியை மடித்துத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், கைக்கு எட்டுகிற காயெல்லாம் எனக்கு முன்னாலேயே யாரோ பறித்துவிட்டிருந்தார்கள். காடு தொடங்கும் ஓரத்தில் ஒரு பெரிய மரம் மட்டும் குலுங்கக் குலுங்க நின்றது. அடியில் கம்பளியை விரித்தேன். இரண்டு தடவை ஏற எனக்குத் தெம்பு கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் உலுக்கிவிட்டு ஒரேயடியாக இறங்கிப் பொறுக்குவதென்று திட்டம். முழங்காலிலும் வயிற்றிலும் தோல் உரிய ஏறி, பெரிய கிளையில் உட்கார்ந்தேன். நல்ல காயாகப் பத்துப் பதினைந்தை மடியில் கட்டிக்கொண்டேன். அதைவிட நல்லதாகத் தெரிந்த சிலவற்றை நானே தின்றேன். பிறகு உலுக்கினேன். காய் மழையாகக் கொட்டியது.

சத்தம் அடங்குவதற்குள் காட்டிலிருந்து ஐந்தாறு புள்ளிமான்கள் வந்தன. பயந்து வரவில்லை, அழைப்பு வந்ததுபோல வந்தன. மந்திகள் மரத்திலிருந்து பாதி தின்று பாதி உதிர்க்கும், மான்கள் கீழே காத்திருந்து பொறுக்கும். இது எனக்குத் தெரிந்ததுதான். அவை என்னையும் மந்தியாக எடுத்துக்கொள்ளும் என்பது தெரியவில்லை.

"ஏய், போ, போ," என்று கத்தினேன். மந்தியும் கத்தும்தானே. ஒன்று காதை அசைத்தது. விரட்டுவதற்காகக் கிளையை ஆட்டினேன்; இன்னும் கொஞ்சம் காய் விழுந்தது; பின்னாலிருந்து இன்னும் இரண்டு மான் வந்தது.

அப்போதே இறங்கியிருந்தால் மான்கள் ஓடிப்போயிருக்கும். நான் கால் வைக்க இடம் தேடுவதற்குள் பன்றிகள் வந்துவிட்டன. ஒரு தாய், ஐந்து குட்டி, பின்னால் கோரைப்பல் வெளியே தெரிய ஓர் ஆண். மான்கள் சண்டையில்லாமல் நாலடி தள்ளி நின்றன. பன்றிகள் கம்பளியின் மேல் இருந்ததை முடித்துவிட்டு, அதைப் புரட்டி அடியிலும் கிளறின. கிளறின பக்கம் மான்கள் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்றன. வயிறு நிறைந்த மான் ஒன்று நிழலில் படுத்து அசைபோட்டுக் கொட்டைகளைத் துப்ப, குட்டிப் பன்றிகள் அதையும் கடித்து நொறுக்கின. எங்கேயோ கிளை முறிந்தபோது மான்கள் காதை உயர்த்தின. பன்றிகளும் தலையைத் தூக்கின. எங்கள் லயத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் ஒருநாளும் நான் பார்க்காத ஒற்றுமை.

ஆண் பன்றி என் மரத்தில் முதுகு தேய்க்க வந்தது. மரம் ஆடியது. எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. கையில் கிடைத்ததை அதன் தலையில் எறிந்தேன். பட்டுக் கீழே விழுந்ததை அது தின்றது. இன்னொன்று எறிந்தேன். அதையும் தின்றுவிட்டு அண்ணாந்து பார்த்தது. கடைசிக் காய் கையை விட்ட பிறகுதான், மடி காலி என்பதும் அது யாருக்காகப் பறித்தது என்பதும் உறைத்தது.

வெயில் சாயும்போது அவை போயின. நான் இறங்கிப் புல்லைக் கையால் கோதிக் கோதித் தேடினேன். நான்கு கொட்டை கிடைத்தது. மரத்து நுனியில் இன்னும் காய் தொங்கியது. மறுபடி ஏறப் பார்த்தேன், முழங்கால் கேட்கவில்லை. கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். "கொண்டாந்தீங்களா?"

பொய் சொல்லிப் பார்க்கலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். கம்பளியிலிருந்த சேறு காட்டிக்கொடுத்துவிடும். நடந்ததைச் சொன்னேன். பக்கத்துக் காம்பரா அக்கா கஞ்சிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"பன்னிக்கு ஊட்டிவிட்டுட்டு வந்தீங்களாக்கும்," என்றாள்.

"எறிஞ்சேன்க்கா."

"அதத்தான் சொல்றேன்."

என் மனைவி சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. சிரித்ததில் குமட்டல் வந்துவிட்டது. ஓடிப்போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். வெறும் பித்த நீர். அந்த நெற்றி எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அக்காவின் கஞ்சியில் இரண்டு வாய் குடித்தாள். தங்குமா என்று மூன்று பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு வாய் தங்கியது. அடுத்த இரண்டு வாய் தங்கவில்லை. நான் மறுபடி நெற்றியைப் பிடித்தேன்.