மீட்புக் கமிட்டிக்கு நான் செயலாளர் ஆன கதை

சர்வேக்கு வந்த மலையாளத்துப் பெண் என் கடைக்குள் டேப்பை இழுத்துப் பிடித்துத் தரையில் மஞ்சள் கோடு போட்டபோது நான் ஒரு ஜாதகத்துக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். கோடு ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றுக்கு நேர் கீழே போயிற்று. பேப்பர் உள்ளே போகிற பக்கம் எனக்கு, நகல் வெளியே வருகிற பக்கம் சர்க்காருக்கு.

"சேச்சி, ஒண்ணு மாறி நிக்காமோ?" என்றாள். நகர்ந்து நின்றேன். நகர்ந்து நின்ற இடமும் சர்க்கார் பக்கம்தான் என்று கோடு சொன்னது. ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள், இதுவரைக்கும் வரும் என்று விளக்கிவிட்டு, என் மேஜை மேலிருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். நல்ல பெண். கோபப்படக்கூட வழி வைக்கவில்லை.

என் கடை பழவங்காடிப் பிள்ளையார் கோவில் ஜங்ஷனில் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்வேன். அது கொஞ்சம் பொய். ஜங்ஷனில் இருந்தது அண்ணாச்சியின் குடைக்கடை. அதன் முதுகுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் திரும்பினால்தான் என் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. பத்தொன்பது வருஷமாக என்னைத் தேடி வருகிறவர்கள் முதலில் அவரிடம் வழி கேட்பார்கள். "குடைக்குப் பின்னால மாமி இருக்காவ" என்று அவர் கட்டைவிரலால் காட்டுவார்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். நான் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்தவள் என்பதால், முப்பத்திரண்டு வயதில் கடை திறந்த அன்றைக்கே என்னை மாமி ஆக்கிவிட்டார். அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்கு மாமி. இந்த உறவுமுறையை எந்த ஜோசியரிடம் கொண்டுபோனாலும் கட்டத்தை மூடிவைத்துவிடுவார்.

கோடு போட்ட அன்றைக்கே மற்றக் கடைக்காரர்கள் அண்ணாச்சி கடையில் கூடினார்கள். தேங்காய்க் கடை, வளையல் கடை, வாழைக்காய் வறுவல் கடை. கோடு எல்லார் கடையிலும் புகுந்திருந்தது. அண்ணாச்சி கடை மட்டும் முழுசாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம். "விடக்கூடாது" என்றார் வறுவல் கடைக்காரர். அரை மணி நேரத்தில் கடை மீட்புக் கமிட்டி பிறந்தது. முழுக்கடையும் போகிறவர் என்ற மரியாதையில் அண்ணாச்சி தலைவர். நான் செயலாளர். என் திறமைக்காக அல்ல, மெஷினுக்காக.

மகஜரை அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அவர் சொன்னது தமிழில். இந்த ஊர் சர்க்காருக்குப் போக வேண்டியது மலையாளத்தில். "எங்கள் பிணத்தின் மீதுதான் ரோடு போட முடியும்" என்று அவர் மேஜையைத் தட்டிச் சொன்னது என் விரல் வழியாக இறங்கும்போது, "மேற்படி விஷயத்தை அனுதாபத்துடன் பரிசீலிக்கும்படி விநயத்துடன் வேண்டிக்கொள்கிறோம்" என்று ஆகிவிட்டது. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். மலையாளம் அவருக்கு நன்றாகவே தெரியும். "பிணம் எங்க மாமி?" என்றார்.

"மூணாவது பாராவில விநயமா வரும் அண்ணாச்சி."

வீட்டில் இன்னொரு கூத்து. என் வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். மகஜரை வாங்கிச் சிவப்புப் பேனாவால் இரண்டு பிழை திருத்தினார். அப்புறம், "நான் சர்க்கார் உத்யோகஸ்தனாக்கும். இதிலெல்லாம் என்னை இழுக்காதே" என்றார்.

"யாரு இழுத்தா? நீங்களான்னா திருத்தறேள்?"

"பிழையைப் பார்த்துண்டு சும்மா இருக்க முடியுமா? ஆனா கேட்டுக்கோ, அவா பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. அந்த ஜங்ஷனைக் கடக்கறதுக்குள்ள எனக்கு நிதமும் பிராணன் போறது."

சர்க்கார் பக்க நியாயத்தை நான் வார்த்த தோசையைத் தின்றபடியே சொன்னார். நாலாவது தோசையை வார்க்காமல் அடுப்பை அணைத்தேன். எங்கள் கமிட்டியின் முதல் நேரடி நடவடிக்கை அதுதான்.

இரண்டு வாரம் கழித்து டை கட்டிய ஒருவர் வந்தார். ஒரு ரிப்போர்ட், இருபது பிரதி, எல்லாம் கலர், ஸ்பைரல் பைண்டிங், மத்தியானத்துக்குள் வேண்டும் என்றார். வாங்கி மெஷினில் வைத்த பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். எங்கள் ஜங்ஷனை விரிவாக்கும் திட்டத்தின் ரிப்போர்ட். திருப்பிக் கொடுத்திருக்கலாம். செயலாளர் என்றால் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் இருபது பிரதி, எல்லாம் கலர். கை தானாகப் பொத்தானை அமுக்கியது.

நடுப்பக்கத்தில், வேலை முடிந்தபின் ஜங்ஷன் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்த படம். நீல வானம். ஒரு ஸ்கூட்டர் இல்லை, ஒரு காக்கை இல்லை, சிதறின ஒரு தேங்காய்ச் சில் இல்லை. பொன்முடி மலைக்குப் போகிற வழியில் குரங்குகளுக்குக் கடலை போட வந்த மாதிரி வெள்ளைக்காரி ஒருத்தி, நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணாச்சியின் கடை இருக்கிற இடத்தில் ஒரு பூந்தொட்டி. நாற்பது வருஷக் குடை வியாபாரத்துக்குப் பதில் ஒரு செம்பருத்தி.

எரிச்சலோடு பக்கத்தைப் புரட்டினேன். கடைசியில் ஒரு பட்டியல்: இடத்தை விட்டுத்தர எழுத்து மூலம் சம்மதித்த உரிமையாளர்கள். முதல் பெயரே அண்ணாச்சி. கீழே அவருடைய கையெழுத்து, கொக்கி போட்ட மாதிரி வளைந்து. தேதியைப் பார்த்தேன். கமிட்டி தொடங்கின மறுநாள்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் ஒரு குடையை விரித்து மடக்கி யாரிடமோ காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகிறவரைக்கும் காத்திருந்து, பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

அவர் கண்ணாடி போடவே இல்லை. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

"உக்காருங்க மாமி" என்றார்.

"உட்கார வரலை அண்ணாச்சி. இது என்ன?"

"முட்டி தேஞ்சு போச்சு. டாக்டர் நிக்கவே கூடாதுன்னுட்டார். பையன் வேற ஊர்ல வேலை பாக்கான், அவனுக்குக் குடைன்னா சிரிப்பு. கடைய வாடகைக்கு விட்டா வந்தவன் போகமாட்டான். சர்க்காரே வந்து எடுக்குதேன்னு சொல்லுது. பிள்ளையாரா பாத்து அனுப்பினாருன்னு நினைச்சேன்."

"அப்ப எதுக்கு பிணம், ரோடுன்னு எல்லாம் சொன்னேள்?"

அவர் குடையின் நாடாவைச் சுற்றிப் பொத்தான் போட்டார். "நாப்பது வருசமா இந்த ஜங்ஷன்ல இருக்கேன் மாமி. ஒருத்தனும் என்னைய எதுக்கும் தலைவரா இருன்னு சொன்னதில்ல. அன்னைக்கு எல்லாரும் சேந்து சொன்னாவ. மாட்டேன்னு சொல்ல மனசு வரல."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். பேப்பர் இன்னும் சூடாக இருந்தது.

"அது இருக்கட்டும். இந்த ரிப்போர்ட்டு உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

விரலில் ஒட்டியிருந்த மையைப் புடவைத் தலைப்பில் துடைத்தேன்.

"கலரா?" என்றார்.

"கலர்தான்."

"எத்தனை?"

"இருபது."

அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. வளையல் கடைக்காரி எட்டிப் பார்த்து, கமிட்டிக்கு நல்ல சேதி ஏதாவது உண்டா என்று கேட்டாள். "பேசிட்டிருக்கோம்" என்றார் தலைவர்.

அதன் பிறகு நடந்த தர்ணாவில் எங்கள் இரண்டு பேரைப் போல் யாரும் கோஷம் போடவில்லை. குற்றமுள்ள நெஞ்சுக்குத் தொண்டை பெரிது. எனக்கு இரண்டு நாள் குரல் இல்லை. மகஜரை வாங்கிக்கொள்ள வந்த அதிகாரியோடு அந்த சர்வே பெண்ணும் வந்திருந்தாள். "சேச்சி, டைப்பிங் நல்ல பங்கி" என்று பாராட்டினாள். அழகாக இருக்கிறதாம். அந்த மகஜரால் விளைந்த பலன் அந்த ஒரு வார்த்தைதான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஜேசிபி வந்தது. காலை பத்து மணி. முந்தின நாளே அண்ணாச்சி மிச்சக் குடைகளை அள்ளி விற்றுவிட்டார். கூட்டத்தில் நின்றார், கையில் ஒரு குடைகூட இல்லாமல். ஷட்டர் மடங்கியது, பலகை விழுந்தது, கடைசியாகப் பின்சுவர். அவர் கடையின் பின்சுவர்தான் என் கடையின் முன்னால் நின்ற சுவர். அது சாய்ந்ததும் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் மேஜை மேல் வெயில் விழுந்தது. என் கடைச் சுவரில் இத்தனை ஒட்டடையா என்று பார்த்தேன். அதற்கடுத்த நொடி எனக்குத் தோன்றியதைச் சொன்னால் வெட்கம். இனிமேல் ரோட்டிலிருந்து நேராக என் போர்டு தெரியும் என்று சந்தோஷப்பட்டேன். திரும்பினால் பக்கத்தில் அண்ணாச்சி நிற்கிறார். முகத்தைச் சோகமாக்கிக்கொள்ள ஒரு கணம் பிடித்தது. அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மூன்றடி எனக்கும் போயிற்று. பெரிய மெஷினை விற்று ஒல்லியான ஒன்றை வாங்கினேன். வேலை இரண்டு மடங்காகிவிட்டது. யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை.

ரோடு வேலை ஒருவழியாக முடிந்ததும், மிஞ்சின கடைக்காரர்கள் சேர்ந்து பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் விழா வைத்தார்கள். கடைசிவரை போராடிய தலைவருக்கும் செயலாளருக்கும் பொன்னாடை. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். வறுவல் கடைக்காரர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, சர்க்கார் உத்தியோகஸ்தர் என்பதை மறந்து, பலமாகக் கைதட்டினார். பாவி மனுஷன்.

பேச அண்ணாச்சி எழுந்தார். என் தியாகத்தைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினார், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். நான் பொன்னாடையை வாயில் அழுத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அது பாலியெஸ்டர், வழுக்கியது. பிறகு, "எங்கடைல காலைல ஷட்டரைத் தூக்கினா..." என்று தொடங்கியவர் நின்றார். மறுபடி, "ஷட்டரைத் தூக்கினா..." என்றார். மைக்கைப் பிடித்தபடி அழுதார். முதல் பாதி அவர் வீட்டில் ஒத்திகை பார்த்தது. இது இல்லை.

கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டியது. நான் போய்த் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"பேச்சு எப்படி மாமி?" என்றார் மெதுவாக.

"நன்னா இருந்தது அண்ணாச்சி" என்றேன். பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.