தங்கச்சிமடம் கரையில் நான் செத்த ஞாயிற்றுக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் மதுரையை விட்டுக் கிளம்பினேன். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு வேட்டி, ஒரு அரிதாரப் பெட்டி, நானே எழுதிய திரைக்கதை. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் லீவு கேட்டபோது, "எங்கேடா சொக்கலிங்கம்?" என்றார் முதலாளி. "ராமேஸ்வரம்" என்றேன். பக்தி என்று நினைத்துக்கொண்டு, தீர்த்தம் கொண்டு வா என்று ஒரு செம்பையும் எடுத்துக் கொடுத்தார். சினிமா எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் செம்புக்குப் பதில் சீட்டைக் கிழித்துக் கொடுத்திருப்பார்.

சினிமா என்றால் கோடம்பாக்கம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் போய்ப் பார்த்தாயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் ஸ்டூடியோ வாசல்களில் நின்றதில் கூர்க்காக்கள் எல்லாரும் எனக்குச் சிநேகிதர்கள் ஆனார்கள். வாசலைத் தாண்டி உள்ளே ஒருவரும் ஆகவில்லை. கதை இலாகாவில் ஒருவர் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, "கதை தேவலை, நடிக்கவும் வேணும்கிறீங்களே, அந்த முகம்தான்..." என்று இழுத்தார். நடிகர் தேர்வில் இருந்தவர்கள், "முகம் தேவலை, உயரம்தான்..." என்று இழுத்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் நான் மதுரைக்கே திரும்பி வந்து துணி கிழிக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அமீன் வந்தான். கீழக்கரைக்காரன், மதுரையில் காலேஜ் படித்தவன். அவனுடைய வாப்பாவுக்குச் சங்கு வியாபாரம், கொழும்பில் கடை. அங்கே போயிருந்தபோது ஒரு பதினாறு மில்லிமீட்டர் காமிராவை வாங்கி, கைலிக்குள் சுற்றிக் கொண்டுவந்துவிட்டான். ஒரு தடவை சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும். சத்தம் பதியாது, அதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டூடியோ வேண்டாம், முதலாளி வேண்டாம், நாமே எடுப்போம் என்றான். கதை, வசனம், கதாநாயகன் நான். மீதி எல்லாம் அவன்.

கதை சின்னது. அக்காளோடு சண்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற தம்பி, பிணமாகக் கரை ஒதுங்குகிறான். அக்காள் அழுகிறாள். முன்பகுதியைக் கீழக்கரையில் எடுத்து முடித்திருந்தோம். அதில் கடலும் படகும்தான் அதிகம், நான் தூரத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருப்பேன். பிணமாகக் கிடக்கும் கடைசிக் காட்சியில்தான் என் முகம் திரை முழுக்க நிற்கப்போகிறது. படம் முடிந்ததும் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பட முதலாளிகளுக்குப் போட்டுக் காட்டுவதாகத் திட்டம். அந்த முகத்தைப் பார்த்து யாராவது கூப்பிட்டால் நான் நடிகன். கூப்பிடாவிட்டால் ஆயுசுக்கும் ஜவுளிக்கடை.

பரமக்குடி தாண்டியதும் பனையும் உடைமரமும் பொட்டலும்தான். ராமநாதபுரத்தில் அமீன் ஏறிக்கொண்டான். கீழக்கரையிலிருந்து பத்து மைல் பஸ்ஸில் வந்திருந்தான். மடியில் காமிராவைக் குழந்தை மாதிரி வைத்திருந்தான். எதிரே இலங்கைக்குப் போகிற ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மண்டபம் முகாமில் டாக்டர் பரிசோதனை முடிந்தால்தான் கப்பல் ஏற விடுவார்களாம், அந்தக் கவலையில் இருந்தவர் காமிராவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"படம் பிடிக்கவா போறீக? யாரு கதாநாயகன்?"

"நான்தான்" என்றேன்.

என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். "நல்லது. அப்ப வில்லன் யாரு?" என்றார்.

அமீன் மண்டபம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தான். பாம்பன் பாலத்தை வண்டி நடை வேகத்தில் கடந்தது. ஒன்றேகால் மைல் இருக்கும். பாலத்தில் காமிராவை வெளியே எடுக்கக் கூடாது என்று ரயில்வேக்காரர் முன்பே எச்சரித்திருந்ததால், இரண்டு பக்கமும் கடலை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு போனோம். பெரிய வண்டி பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடிக்குப் போய்விடும். ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பனிலேயே இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும். அதில் நாலு மைல் போனால் தங்கச்சிமடம். அமீனின் வாப்பாவுக்குப் பழக்கமான சந்தியாகு என்ற மீன்பிடிக்காரர் ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். அன்று ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டில்தான், காரல் மீன் குழம்பு. விலாங்கு பிடிக்கிறவன் மாதிரி நான் முள்ளோடு மல்லுக்கட்டுவதை அவர் மனைவி சவேரியம்மா வேடிக்கை பார்த்தாள்.

சனிக்கிழமை விடிவதற்குள் ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போய்விட்டார்கள். 'வத்தை' என்று அங்கே சொல்லும் பாய்ப்படகுகள் போகிறதை அமீன் படம் பிடித்தான். வெயில் ஏறியதும் கரை ஓரமாக ஒரு நல்ல இடம் பார்த்து, "படுடா" என்றான். சட்டையைக் கழற்றிவிட்டு ஈர மணலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினேன். சாவது எனக்குக் கைவந்த கலை. எங்கள் ஊர் நாடகங்களில் முதல் காட்சியிலேயே செத்துவிட்டு, பின்னால் போய்த் திரை இழுக்கிறவன் நான்.

சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் யாரோ என் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். சவேரியம்மா. அவள் பின்னால் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர்.

"எந்திரிலே! மொதல்ல எந்திரி! ஆம்பளைக அம்புட்டுப் பேரும் கடல்ல கெடக்காக. இங்கன ஒருத்தன் பொணமாட்டம் கெடக்கான். என்ன வெளையாட்டு இது?"

அமீன், "அக்கா, இது நடிப்புத்தான்" என்று ஆரம்பித்தான்.

"நடிப்போ கிடிப்போ. வத்த வெளிய போயிருக்கையில இந்தக் கரையில ஒருத்தரும் மல்லாக்கப் படுக்கக்கூட மாட்டோம். நீங்க பொணம் போட்டு ஒப்பாரியும் வைக்கச் சொல்லுவீக போல!"

ஒப்பாரி வைக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். மதுரையில் உட்கார்ந்து, 'கரையில் பெண்கள் கதறுகிறார்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அவர்களுடைய புருஷன்மார் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

நாங்கள் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "நாளைக்கி ஞாயித்துக்கெழம. யாரும் தொழிலுக்குப் போக மாட்டாக. வத்த பூராம் கரையில இருக்கும். பூசை முடிஞ்சு வாரோம். அப்ப வேணுமானாச் சாவு" என்றாள்.

சாவுக்கு நாள் குறித்தாயிற்று. மத்தியானம் சும்மா இருப்பானேன் என்று ரயிலேறி ராமேஸ்வரம் போனோம். பிராகாரத்தில் நடந்து, முதலாளியின் செம்பில் தீர்த்தம் பிடித்துக்கொண்டேன். அமீன் வெளியே காமிராவோடு நின்றான். ஓட்டலில் சாப்பாடு எழுபத்தைந்து நயா பைசா. ரசம் நன்றாக இருந்தது, மற்றதைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

சாயங்காலம் சந்தியாகு கரைக்கு வந்ததும் கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவ தம்பி அந்தோணி வாடக் காத்துல போயிட்டான் தம்பி. கவுந்த வத்த வந்து சேந்துச்சு, அவன் வரல. ஒடம்பும் ஒதுங்கல. கோயில்ல அவனுக்குப் பூசை வச்சோம். ஊரே அழுதுச்சு, இவ மட்டும் அழுவல. ஒடம்பப் பாக்காம அழ மாட்டேன்னுட்டா. இன்னமும் அழுவல."

ஒன்றும் தெரியாமல் அவள் கதையையே எழுதிக்கொண்டு வந்து நிற்கிறோம். வேண்டாம், திரும்பிவிடலாம் என்றேன். அமீன் யோசித்துவிட்டு, "அவகளுக்கு வேல வேணாம். இவக அண்ணன் மக ரோசலி அக்காளா நடிக்கட்டும். சவேரி அக்கா தூர நிக்கட்டும்" என்றான். அதுதான் சரி என்று சந்தியாகுவும் சொன்னார்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து, ஊரே வெள்ளையும் சொள்ளையுமாகக் கரைக்கு வந்துவிட்டது. வத்தைகள் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. நான் ஒரு வத்தை மறைவில் உட்கார்ந்து பவுடர், ரோஸ், உதட்டுச் சாயம், கண்ணுக்கு மை என்று சகலமும் பூசிக்கொண்டு வந்து நின்றேன். திரை முழுக்க வரப்போகிற முகம் அல்லவா?

அமீன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "அல்லாவே! இது மையித்தா, மாப்பிள்ளையா?"

அவர்கள் பேச்சில் மையித்து என்றால் பிணம். ஊரார் முன்னால் கடல் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்தேன். ரோசலி பக்கத்தில் மண்டியிட்டாள். காமிரா ஓடியது. ரோசலி என் முகத்தைப் பார்த்தாள், களுக்கென்று சிரித்தாள். மறுபடி சாவி கொடுத்தான். மறுபடி சிரித்தாள். ஆண்கள் எல்லாரும் கரையில் முழுசாக நிற்கும்போது எந்தப் பெண்ணுக்கு அழுகை வரும்? அவள் சிரிக்க, கூட்டம் சிரிக்க, அமீனின் பிலிம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அது கிடைப்பதற்கு அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"தள்ளு புள்ள" என்று ஒரு குரல். ரோசலி எழுந்தாள். வேறு யாரோ உட்கார்ந்தார்கள். கண்ணைத் திறக்காமலே அது சவேரியம்மா என்று எனக்குத் தெரிந்தது.

நான் எதிர்பார்த்த ஒப்பாரி வரவில்லை. ஒரு விரல் என் காதுக்குள் போய் மணலை வழித்தது. நெற்றியில் ஒட்டிய மயிரை ஒதுக்கியது.

"காதெல்லாம் மண்ணு... எங்கனலே கெடந்த இம்புட்டு நாளும்?" என்றாள். குழந்தையைக் கோபிக்கிற குரல். "சோத்த மூடி வச்சுட்டு ஒக்காந்திருந்தேன்லே, அந்தோணி. மூடி வச்சுட்டே ஒக்காந்திருந்தேன்."

பிறகு என் மார்பில் தலையை வைத்து அழுதாள். அவள் உடம்பு நடுங்கியதில் என் உடம்பும் நடுங்கியது. கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது, ஓடியது, நின்றது, மறுபடி கேட்டது. பிணத்துக்கு உள்ள ஒரே வேலை சும்மா கிடப்பது. மூச்சை அடக்கினேன், பல்லைக் கடித்தேன், கடையில் இருக்கும் துணி ரகங்களை மனசுக்குள் ஒப்பித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து, அவள் சுத்தம் செய்த காதுக்குள்ளேயே இறங்கியது.

அமீன் காமிராவை இறக்கியபோது என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "மையித்து அழுவுதே சொக்கு" என்று மெதுவாகச் சொன்னான். "ஒன் மொகத்த வைக்க முடியாது. அவக மொகத்தையும் கையையும் வச்சு ஒட்டிக்கிடலாம். ஒரே ஒரு சுருள் மிச்சம் இருக்கு. அவக சம்மதிச்சா இன்னொரு தடவ எடுக்கலாம்."

இன்னொரு தடவை எடுத்தால் என் முகம் பிழைக்கும். ஆனால் அதற்குள் சந்தியாகுவும் நாலு பேரும் என்னைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடந்தார்கள். ஒருவனுக்காகக் கரையில் அழுதுவிட்டால் அவனை அப்படியே விடக் கூடாதாம். உயிரோடிருக்கிறவன் என்று கடலுக்குத் தெரியப்படுத்த வேண்டுமாம். "ஒம் பேரு என்ன?" என்று கேட்டார்கள். என்னை முக்கி எடுக்கும்போதெல்லாம், "சொக்கலிங்கம்! சொக்கலிங்கம்!" என்று கடலைப் பார்த்துக் கூவினார்கள். என் பேரை அத்தனை பேர் சேர்ந்து சொல்லி நான் கேட்டது அன்றுதான். அழுதவள் கையால் சாப்பிடவும் வேண்டுமாம். சவேரியம்மா சோறு போட்டாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் தெளிந்திருந்தது. முள்ளை எடுத்துவிட்டே மீனை வைத்தாள்.

கேட்பதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு போராட்டம். ஆசை வெட்கம் அறியாது. கேட்டுவிட்டேன். "அக்கா, என் மேலதான் தப்பு. நான் அழுதுட்டேன். இன்னொரு தடவை..."

அவள் கோபப்படவில்லை. இன்னொரு துண்டு மீனை இலையில் வைத்தாள்.

"எத்தன தடவ தம்பி அவன அடக்கம் பண்ணுறது?" என்றாள்.

இலையில் வைத்ததைச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை வண்டிக்கு அவளும் ஸ்டேஷன் வரை வந்தாள். கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியே நீட்டிவிட்டு, அமீனிடம் கேட்டாள்.

"தம்பி, படத்துல படுத்திருந்தவன் மொகம் தெரியுமா?"

அமீன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். "தெரியாதுக்கா. ஒங்க மொகந்தான் தெரியும்."

"அது போதும்" என்றாள். "அவன் மொகந்தான் எனக்குத் தெரியுமே."

வண்டி நகர்ந்தது. எனக்கு அப்போது வந்தது துக்கம் இல்லை, பொறாமை. செத்துப்போன ஒருவனைப் பார்த்து, வேஷத்தைத் தட்டிப் பறித்துவிட்டானே என்று பொறாமைப்பட்ட நடிகன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பாலம் கடந்து, ராமநாதபுரத்தில் அமீன் இறங்கி, மதுரை வருவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒப்பாரிக்குக் கூலிக்கு ஆள் கிடைக்கும், தெருவில் யார் செத்தாலும் எல்லாரும் உடனே அழலாம். அழுகைக்கு நாள் பார்க்கிற ஊரை நான் அங்கேதான் பார்த்தேன்.

சில மாதம் கழித்து, பிலிம் சென்னையில் கழுவி வந்ததும், அமீன் படித்த காலேஜில் ஒரு கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டோம். கதை வசனம் என்று என் பேர் வந்தபோது யாரும் கவனிக்கவில்லை. கடைசிக் காட்சியில் மணல் அப்பிய ஒரு காது, அதைத் துடைக்கும் ஒரு விரல், பிறகு சவேரியம்மாவின் முகம். எனக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"பிணமாக் கிடக்கிறது யாரு சார்? தத்ரூபமா இருக்கு."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அந்தோணின்னு ஒருத்தர். தங்கச்சிமடம்" என்றேன்.