ஒரு முறம் சாமைத் தவிடு

எனக்கு முதல் ரெண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பதினோராம் நாள் போனது, இன்னொன்று மூன்றாம் மாதம். மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது, தீட்டுக் கழிந்ததும் அவளைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். பிள்ளை தங்காத வீட்டில் அப்படிச் செய்வது வழக்கம். வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டால் பிள்ளை அவளுடையது. எமன் நம் வாசலுக்கு வந்தாலும், இங்கே பிள்ளையே இல்லை என்று திரும்பிப் போய்விடுவானாம். பால் கொடுப்பதும் வளர்ப்பதும் பெற்றவள்தான். உரிமை மட்டும் வாங்கினவளுக்கு.

வாங்கியது எதிர்வீட்டு அத்தை. கன்னடம் பேசுகிற குடும்பம். உறவொன்றும் கிடையாது, கூப்பிட்டுப் பழகிய முறைதான். நாற்பது வயதிருக்கும், பிள்ளையில்லை, புருஷனும் போய்ச் சேர்ந்திருந்தார். ஏரியூர்ப் பக்கம் எங்கள் மேட்டுக்காட்டில் நெல்லுக்கு எங்கே போவது? ஒரு முறம் சாமைத் தவிட்டைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டினார். அதே முறத்தில் என் பிள்ளையைக் கிடத்தித் தன் வீட்டுக்குள் எடுத்துப்போனார். கொஞ்ச நேரத்தில், பசிக்கு அழுகிறாள் என்று என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. உயிர் தங்கினால் போதும், யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

பிள்ளை தங்கிவிட்டாள். பேச்சு வந்தது. அத்தையை அவர்கள் வீட்டு வழக்கப்படி ‘அவ்வா’ என்றாள், அதாவது அம்மா. என்னை ‘அக்கா’ என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். பெற்றவளை அம்மா என்று கூப்பிட்டால் விற்றது பொய்யாகிவிடுமே.

பொறாமை என்றால் பொறாமைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று வருஷம் எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் தெருவில் விழுந்து முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது அவளுக்கு. நான் ரெண்டடியில் நிற்கிறேன். என்னைத் தாண்டிக்கொண்டு ‘அவ்வா’ என்று எதிர்வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்குக் களியைக் கிண்டாமல் அடிப்பிடிக்க விட்டேன். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

உலகச் சண்டை நடந்த காலம் அது. வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டைப் பக்கம் தண்டவாள வேலை கிடைத்தது. இருக்க ஓட்டு வீடும் கொடுப்பார்களாம். எனக்கு அப்போது ஐந்து மாசம் வேறு. கால் தரையில் பாவவில்லை எனக்கு. வேலையும் வீடும் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே போய்விட்டால் அவள் என்னை அம்மா என்பாள். எனக்கு அதுதான் பெரிது.

ஊரைத் தாண்டும் முன்னால் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் முறை என்றார் மாமியார்.

“அவங்க முடியாதுன்னுட்டா என்ன பண்றது?” என்றார் வீட்டுக்காரர்.

“முடியாதுன்னு சொல்ல அவங்க யாருங்க? பெத்தவ நானு,” என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது. அத்தை தரமாட்டேன் என்றால் ஊரே அவர் பக்கம்தான் நிற்கும்.

கிளம்புகிற காலையில் வண்டி பூட்டியாகிவிட்டது. அத்தை கொடுத்ததைவிட அதிகமாகவே ஒரு முறம் தவிட்டைக் குவித்துக்கொண்டு போனேன். அத்தை அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“தவிடு கொண்டாந்திருக்கேன் அத்தை. எம் புள்ளைய எங்கிட்டக் குடுத்துடுங்க.”

அவர் நிமிரவில்லை. பின்னலை முடித்து நாடாவைக் கட்டிவிட்டுத்தான் பேசினார்.

“கூட்டிக்கிட்டுப் போம்மா. தவிடு வேண்டாம்.”

“வாங்காம வுட்டா எப்படிங்க? அவ எப்படி எம் புள்ளையாவா?” என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

“ஆவ வேண்டாம். உன்கூட இருக்கட்டும், உன் கையால திங்கட்டும். ஆனா எம் புள்ளையாவே இருக்கட்டும். ஊரு வுட்டு ஊரு போறீங்க, வயித்துல ஒண்ணு வேற. எமன் தேடிக்கிட்டு வந்தா இந்த வூட்டுக்கே வரட்டும். இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்.”

சண்டைக்கென்று போனவள் நான். தவிட்டு முறத்தைத் திரும்ப இடுப்பில் எடுத்துக்கொண்டேன். அவரே அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். அவள் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு அலறினாள். அவர் விறுவிறு என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தவிட்டை வண்டி மாடுகளுக்கே வைத்தோம்.

அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை. மகன் பிறந்த சேதிக்குக் கார்டு போட்டோம். அத்தை காய்ச்சலில் போய்விட்டார் என்று, ஊரிலேயே தங்கிவிட்ட மாமியார்தான் பதில் எழுதச் சொல்லியிருந்தார். நாங்கள் கிளம்பிய மூன்றாம் மாதமாம். நான் இதையெல்லாம் நம்புகிறவளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகனை மடியில் போட்டுக்கொண்டு அன்று முழுக்க அழுதேன்.

அந்த வாரமே, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகி, மகள் என் முந்தானையைப் பிடித்து ‘அம்மா’ என்றாள். எத்தனை வருஷம் காத்திருந்தேன் அந்த ஒரு சொல்லுக்கு. சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன்.

“அக்கான்னு கூப்பிடு சாமி,” என்றேன். “உங்கம்மா ஊர்ல இருக்கறாங்க.”