எனக்குப் பிடித்ததற்காகப் பேசியவன்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்தில் பேருந்து நின்றபோது, என்னோடு வேலை பார்க்கும் நிஜாமின் தம்பி போனில் அழைத்தார். நிஜாமுக்கு விடியற்காலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார். இறங்கி எதிர்ப் பேருந்தைப் பிடித்துப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். முந்தின நாள் எங்கள் நிரலில் ஒரு பிழையைச் சரிபார்க்கச் சொல்லி அவனிடம் விட்டுவந்திருந்தேன். வழி முழுக்க அதையே யோசித்தேன். வேறு எதையும் யோசிக்கத் தைரியமில்லை.

நிஜாமோடு பழகியவர்களுக்கு அவன் வாதாடும் விதம் தெரியும். ரத்தப் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் ஒருவருக்கு வலைத்தளம் எழுத, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருவர் மட்டும் வேலைக்குச் சேர்ந்தோம். வலைப்பக்கங்களை எழுத ஆயத்தமாகக் கிடைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்குகளில் எதை வைத்துக் கட்டுவது என்பதுதான் முதல் சண்டை. எனக்கு ஆங்குலர், அவனுக்கு ரியாக்ட். அவன் ஒரு விதி வைத்தான். அடுத்தவனுக்குப் பிடித்ததற்காகத்தான் ஒவ்வொருவனும் பேச வேண்டும். முதலாளி கேட்டுவிட்டு முடிவு சொல்வார்.

“புடிச்சதுக்கு எவன் வேணா பேசுவான் மச்சான். புடிக்காததுக்குப் பேசு, அதுல இன்னா இருக்குன்னு அப்பதான் தெரியும்.”

ரியாக்டுக்காக நானும் மூச்சு வாங்கத்தான் பேசினேன். ஆனால் அவன் ஆங்குலரைத் தானே பெற்று வளர்த்தவன் மாதிரி பேசினான். முதலாளி ஆங்குலருக்குத் தலையாட்டிவிட்டார். டீக்கடைக்கு நடக்கும்போது, ஜெயித்தது நான்தான் என்று எனக்கே வாழ்த்துச் சொல்லிக் கிண்டலடித்தான்.

சில வருடங்களில் அந்த ஆங்குலரை உருவாக்கியவர்களே அதைக் கைவிட்டார்கள். அதே பெயரில் வந்த புதியது வேறு சரக்கு. அதற்குப் போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். முதலாளியிடம் எத்தனையோ முறை கேட்டோம். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கிறீர்கள் என்பார். பரிசோதனை நிலையத்தின் கிளைகள் கூடக் கூட அந்தப் பழைய நிரல் எங்கள் கழுத்தை இறுக்கிக்கொண்டே வந்தது. நான் எரிந்து விழும்போதெல்லாம், “அதுக்காகப் பேசுனவன் நான்தானே, என்னத் திட்டு” என்பான். திட்டவும் செய்திருக்கிறேன்.

அவன் வீட்டில் அவனையும் தம்பியையும் தவிர எல்லோரும் வெளிநாட்டில். அண்ணன் சிங்கப்பூரில் ஒரு நேர்காணலுக்கு ஏற்பாடு செய்தார். இத்தனை வருடம் எதில் வேலை செய்தீர்கள் என்பது முதல் கேள்வி. பழைய ஆங்குலர் என்ற பதிலைக் கேட்டதும் மரியாதையாகப் பேசி முடித்துக்கொண்டார்களாம். மறுநாள் சாப்பிடும்போது எந்தக் கிண்டலும் இல்லாமல் சொன்னான்:

“கதவு தொறந்துதான் மச்சான் கெடக்கு. வெளிய போனா நம்ம யாருன்னே யாருக்கும் தெரியல.”

அடக்கம் முடிந்த மறுவாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நீயும் இல்லன்னா இத யாருக்குமே தெரியாது. எனக்குப் பயமா இருக்குப்பா. புதுசா எழுதிடு. எதுலன்னு நீயே சொல்லு.”

இருவருமாகக் கெஞ்சியபோது கிடைக்காத அனுமதி. அவன் செத்துத்தான் வாங்கித் தர வேண்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது எனக்குப் பிடித்தது வியூ என்ற வேறொரு ஃப்ரேம்வொர்க். விதிப்படி அதற்காக நான் பேசக் கூடாது. அதனால் முதலாளி முன்னால் உட்கார்ந்து மறுபடியும் ரியாக்டுக்காகப் பேசினேன். இந்த முறை நன்றாகவே பேசினேன். நிஜாம் அதில் என்ன பார்த்தான் என்று பேசப் பேசப் புரிந்தது. முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னொரு பக்கத்துக்காக யார் பேசுவது என்றார்.

வாரங்கள் ஓடிவிட்டன. முடிவு சொல்ல முடியவில்லை. பழைய நிரலையே தினமும் திறந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பழக்கம்தான். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.